பாதி பெருகிய கண்மாய்: தண்ணீரைப் பங்கிட மூன்று வழிகள்

இராமநாதபுரம் பக்கம் நெல்லைப் பெரும்பாலும் புழுதியில்தான் விதைக்கிறோம். முளைப்பதும் தூர் கட்டுவதும் ஐப்பசி, கார்த்திகை மழையில். கண்மாய்த் தண்ணீரைத் தேடுவது மழை ஓய்ந்த பிறகு, பயிர் பொதி கட்டிப் பால் பிடிக்கிற மார்கழி, தையில். அப்போது மூன்று நனைப்பு, அதாவது மூன்று முறை பாய்ச்சல், கிடைத்தால் நெல், இல்லாவிட்டால் பதர். கண்மாய் பாதிதான் பெருகியது என்றால் தகராறு தொடங்குவதும் அப்போதுதான்.

முதலில் கணக்கு. 100 ஏக்கர் அயக்கட்டுக்கு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்துக்கு) 2 அங்குல நனைப்பு ஒன்றுக்கு வயலில் ஏழேகால் லட்சம் கன அடி நிற்க வேண்டும். மண் வாய்க்காலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்தால், மடையில் 11 லட்சம் கன அடி திறக்க வேண்டும். மூன்று நனைப்புக்கு 33 லட்சம். 50 ஏக்கர் நீர்ப்பரப்பில் நாளுக்கு 4 மி.மீ. ஆவியானாலே மாதத்துக்கு எட்டரை லட்சம் கன அடி போகும். கூட்டம் போடாமல் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் பயிரின் பங்குதான் குறைகிறது.

முதல் வழி, மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் ஆளான நீர்பாய்ச்சியின் கணிப்பில் விடுவது. இது பழைய முறை. சில ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள். பல ஊர்களில் அயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரே இந்த வேலை பார்த்தார். யார் பக்கமும் சாயாததற்கு அதுவும் காரணம். எந்த வயல் வெடிக்கிறது, எது இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று பார்த்து வாமடையை (வயலுக்குத் தண்ணீர் போகும் வாயை) திறப்பார். தண்ணீர் வீணாவது இதில்தான் மிகக் குறைவு. ஆனால் அறுப்பின்போது தரவேண்டிய நெல்லைத் தராமல் இழுத்தால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். பிறகு இரவில் மண்வெட்டி எடுத்தவன் வைத்ததே முறை.

இரண்டாவது வழியான மணிக்கணக்கு முறை பார்வைக்கு நேர்மையானது. விநாடிக்கு ஒரு கன அடி ஓடினால், இழப்பு போக, ஏக்கருக்கு மூன்று மணி நேரம். கோளாறு மடையிலேயே இருக்கிறது. மடைக்கு மேல் நிற்கும் தண்ணீர் 4 அடியிலிருந்து 1 அடிக்கு இறங்கினால், அதே திறப்பில் வரத்து பாதியாகிவிடும். முதல் வாரத்தில் மூன்று மணி நேரம் வாங்கியவருக்குக் கிடைத்ததைக் கடைசியில் வாங்குபவர் ஆறு மணி நேரம் நின்றால்தான் பெற முடியும். அதனால் மடையருகே அளவுகோல் நட்டு, மட்டம் இறங்க இறங்கக் கதவை உயர்த்த வேண்டும். முழுக்க உயர்த்திய பிறகு மணியைக் கூட்ட வேண்டும். காய்ந்த வாய்க்கால் நிரம்பும் நேரத்தையும் கடைமடைக்காரர் தலையில் கட்டக்கூடாது. பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் கால்வாய்களில் நடக்கும் வாராபந்தி என்ற முறைப்பாசனத்தில் வாரத்தின் 168 மணி நேரத்தில் இதைத் தனியாகக் கழித்துவிட்டுத்தான் நிலத்துக்கு வகுக்கிறார்கள். இரவு முறை ஒருவருக்கே விழாதபடி ஆண்டுக்கு ஒருமுறை 12 மணி நேரம் தள்ளியும் வைக்கிறார்கள்.

பரப்பைக் குறைப்பது மூன்றாவது வழி. சொல்லவே மனசு வராது, ஆனால் இருப்பு 22 லட்சம்தான் என்றால் வேறு வழியில்லை. 100 ஏக்கருக்கும் பாய்ச்சினால் இரண்டு நனைப்போடு நின்று, பால் பிடிக்கும்போது எல்லோருக்கும் காயும். 66 ஏக்கருக்குப் பாய்ச்சினால் மூன்று நனைப்பும் கிடைத்து அவ்வளவும் வீடு வந்து சேரும். ஒவ்வொருவரும் தம் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பாய்ச்சாமல் விட வேண்டும். அரை ஏக்கருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு தரலாம். இலங்கையில் 'பெத்ம' என்று இன்னும் கெட்டியான வழக்கம் உண்டு: குளம் குறைந்த போகத்தில் தலைமடைப் பகுதியை மட்டும் பயிரிட்டு, அதையே எல்லாருக்கும் தற்காலிகமாகப் பங்கிடுவார்கள். வாய்க்கால் இழப்பும் குறையும். மழைக்கு முன்பே விதைத்துவிடும் நம் நெல்லுக்கு இது ஒத்துவராது. தண்ணீர் மிஞ்சினால் போடும் பின்பருவப் பருத்திக்கு ஒத்துவரும்.

எங்கள் கணிப்பு: ஆவியாவது போக 33 லட்சத்துக்கு மேல் இருந்தால் அளவுகோலோடு மணிக்கணக்கு. குறைந்தால் கார்த்திகைக் கடைசிக்குள் பரப்பைக் குறைக்கும் முடிவு. இரண்டிலும் மடைச் சாவி நீர்பாய்ச்சி ஒருவர் கையிலேயே இருக்கட்டும், அவர் கூலியை முன்கூட்டியே வசூலித்து வையுங்கள். அயக்கட்டில் கிணறு வைத்திருப்பவருக்குக் கண்மாய்க் கசிவு ஊறுவதால் கடைசி முறை கொடுக்கலாம், அந்தக் கிணறு உப்புத் தண்ணீராக இல்லாத பட்சத்தில். கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பகுதியில்) ஆயில் இன்ஜின் வைத்து இறைப்பதை முதல் நாளே தடுக்க வேண்டும். ஒரு இன்ஜின் ஓடினால் மறுநாள் நான்கு இன்ஜின் இறங்கும். அதன்பின் எந்த முறையும் நிற்காது.