‘காணும்’ இல்லாத பட அட்டைகள்

கதைக்காத ஓட்டிசப் பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டில் அச்சாகி வரும் பட அட்டைக் கோப்பு பற்றியது இது. ரிங் போட்ட பைல், உள்ளே வெல்க்ரோ பட்டி, ஒட்டி எடுக்கிற 5 சென்ரிமீற்றர் அட்டைகள், கடைசியில் அட்டைகளை வரிசையாக ஒட்டி வசனமாக்கும் ஒரு வசனப்பட்டி. 1985இல் அமெரிக்காவில் பொண்டி, புரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கிய பெக்ஸ் முறைதான் அடிப்படை: பிள்ளை படத்தை எடுத்து எங்கள் கையில் தந்தால் பொருள் உடனே கிடைக்கும்.

பைல் நல்லது. அட்டைகள்தான் யாழ்ப்பாணத்துக்குச் சரிவராது. நாற்காலி, பாட்டி, வலிக்குது என்று எழுதியிருக்கும். வீட்டில் பிள்ளை கேட்பது கதிரை, அம்மம்மா, நோகுது. இட்லி இருக்கும், புட்டும் சொதியும் இராது. ‘போதும்’ இருக்கும், ஆனால் எங்கள் வாயில் வருவது ‘காணும்’. பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே என்று விடக்கூடாது. அந்த எழுத்து பெரியவர்களுக்குத்தான்: வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அட்டைக்கு மேல் ஸ்ரிக்கர் ஒட்டி மாற்றுங்கள்.

அதைவிடப் பெரிய பிழை வசனப்பட்டியில். ஆங்கில ஒழுங்கை அப்படியே எடுத்து, ‘எனக்கு வேணும்’ அட்டையை இடப்பக்கம் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பழகுவது ‘எனக்கு வேணும் பாண்’. பாண் இடப்பக்கம், ‘வேணும்’ வலப்பக்கம் வரட்டும். பட்டியை வாசிக்கும்போது பாண் படத்தைத் தொட்டுவிட்டு 3 முதல் 5 செக்கன் வாயைத் திறக்காமல் இருங்கள். பிள்ளை சொல்லாவிட்டால் ‘பாண்’ என்று நீங்களே சொல்லுங்கள். இடைவெளியை ‘வேணும்’ முன்னால் விட்டால், எல்லாவற்றுக்கும் ‘வேணும்’ என்ற ஒரு சொல்லே வரும். பிள்ளை சொல்லாவிட்டாலும் பாணைக் கொடுக்க வேண்டும். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பிடித்து வைத்தால் அட்டையையும் கைவிட்டுவிடும்.

தொடக்கத்தில் இரண்டு பேர் தேவை. ஒருவர் முன்னால் பொருளோடு. மற்றவர் பின்னால் இருந்து, கதைக்காமல், பிள்ளையின் கையை மட்டும் நடத்த வேண்டும். ‘என்ன வேணும்?’ என்று கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், கேட்கும்வரை பிள்ளை காத்திருக்கும். முதல் நாள் ஒரே ஒரு அட்டை, அதுவும் பிள்ளைக்கு மிகப் பிடித்த பொருளுக்கு. நூறு அட்டையையும் ஒரேயடியாக விரிப்பதும், பழுதாகிவிடும் என்று பைலை அலுமாரிக்கு மேல் வைப்பதும்தான் அதிகம் நடக்கிறது.

கொமினிகேசன் கடையில் லமினேற் பண்ணும்போது படத்தைச் சுற்றி 3 மில்லிமீற்றர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஓரத்தோடு வெட்டினால் ஈரம் இறங்கிப் பிரியும். மூலைகளை வளைத்து வெட்டவும். வெல்க்ரோவின் மெதுப் பக்கம் அட்டையில், சொரசொரப்பு பைலில்.

படத்தைத் தொட்டால் பேசும் அவாஸ் என்ற சென்னைச் செயலியிலும் தமிழ் உண்டு. சொந்தப் படம், குரல் சேர்க்கலாம். யூரியூப் பார்க்கிற அதே போனில் போடாதீர்கள்.

மூன்று மாதத்தில் பேச்சு வரும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அட்டை பேச்சைத் தடுக்கும் என்பதையும் நம்ப வேண்டாம். ஆய்வுகளில் பேச்சு குறையவில்லை, சிலருக்குச் சற்றுக் கூடியது. நாலு வயதில் கதைக்காவிட்டால் இனி இல்லை என்று சொல்பவர்களுக்கு 2013இல் பீடியாட்ரிக்ஸ் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு பதில்: 4 வயதில் பேச்சு மிகப் பின்தங்கியிருந்த 535 பிள்ளைகளில் 70 வீதமானோர் பிறகு சொற்றொடராகக் கதைத்தார்கள், 47 வீதமானோர் சரளமாக. அது அட்டைகளைச் சோதித்த ஆய்வு அல்ல. மிச்ச 30 வீதத்துக்குப் பிறகும் சொற்றொடர் வரவில்லை. அவர்களுக்கு இந்தப் பைல்தான் வாய்.

ஆகவே பைலையும் பட்டியையும் வாங்குங்கள், அட்டையை வீட்டுப் படங்களால் செய்யுங்கள். ‘காணும்’, ‘நோகுது’, ‘வேண்டாம்’ மூன்றிலும் மூன்று பிரதி: ஒன்று பைலுக்கு, ஒன்று பள்ளிக்கூடப் பைக்கு, ஒன்று அம்மம்மா வீட்டுக்கு.