பூனை, நாய் வந்து பாத்திய தோண்டுற தொல்லைக்கு கம்பி வலையா, ஸ்ப்ரேயா, சென்சார் ஸ்ப்ரிங்ளரா?

நேரா சொல்லிடறேன், எங்க தோட்டத்துல நான் போட்டது கம்பி வலை, அதனால இந்த அலசல் கொஞ்சம் அந்தப் பக்கம்தான் சாயும். ஸ்ப்ரேயும் அடிச்சுப் பாத்திருக்கேன், ஏதாவது நகந்தா தானா தண்ணி பீச்சுற சென்சார் ஸ்ப்ரிங்ளர் தெரிஞ்சவங்க வீட்ல ஓடுறதப் பாத்ததோட சரி.

எத வாங்குறதுக்கு முன்னாடியும் தோண்டுறது யாருன்னு பாத்துடுங்க. குழி ஆழமில்ல, மேல மண்ண இழுத்து மூடியிருக்கு, குனிஞ்சா நாத்தம் அடிக்குதுன்னா பூனை, உங்க பாத்திய கக்கூஸா வச்சிருக்கு. குழி அகலமா, மண்ணு ஒரே பக்கமா சிதறிக் கிடந்தா நாய். அங்கங்க சின்னதா கிள்ளி எடுத்த குழி, போட்ட விதையும் காணோம்னா பெரும்பாலும் அணில். ஓட்டை சரிஞ்சு உள்ள இறங்கி வாசல்ல மண்ணு குவிஞ்சிருந்தா எலி, அதுக்கு வேற வைத்தியம், கடைசில சொல்றேன். நாய்னா இன்னொன்னும் யோசிங்க, எலும்புத்தூளோ மீன் உரமோ போட்டிருந்தா அந்த வாசனைக்கே வந்து தோண்டும், உரத்த மாத்திப் பாருங்க, அதுலயே பாதி அடங்கிடலாம்.

ஸ்ப்ரேல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க. மிளகாய், பூண்டு, ஆரஞ்சுத் தோல்னு வீட்லயே பண்றதும் உண்டு, பாட்டில்ல ரெடிமேடாவும் கிடைக்குது. அடிச்ச அன்னிக்கு ஓரளவு வேலை செய்யலாம். பிரச்சனை என்னன்னா பாத்திக்கு நாம தினமும் தண்ணி ஊத்துறோம், விதை போட்ட புதுசுல ரெண்டு வேளை கூட ஊத்துறோம், அதாவது நாமளே அடிச்சத நாமளே கழுவி விட்டுட்டு இருக்கோம், இதுல மழை வேற பேஞ்சா கேக்கவே வேணாம். பூனை வர்றதும் கரெக்டா அந்த மண்ணு பொலபொலன்னு இருக்குற நாட்கள்லதான். அப்ப தண்ணி ஊத்த ஊத்த திரும்பத் திரும்ப அடிக்கணும், எத்தன நாளைக்கு அடிப்பீங்க, ஒரு வாரம் ஊருக்குப் போனா யாரு அடிப்பா? மிளகாய்த்தூள் பூனை கால்ல ஒட்டி, அத நக்கி, கண்ணுல தேச்சுக்கிட்டா அந்த ஜீவன் படுற பாடு தனி. நாஃப்தலின் உருண்டைய மண்ணுல போடச் சொல்வாங்க, போடாதீங்க, அது நாய் பூனை குழந்தைங்க எல்லாத்துக்கும் விஷம். காபித்தூள் சக்கையும் நாய் தின்னா ஆபத்து.

இந்த "மறுபடி மறுபடி செய்யணுமா"ங்கற கேள்விதான் என்னைக் கேட்டா மொத்த முடிவும். வலைய ஒரு தடவ விரிச்சா அந்த சீசன் முடியுற வரைக்கும் அது பாட்டுக்கு கிடக்கும். துத்தநாகம் பூசின ஜிஐ வலை வாங்குங்க, முலாம் இல்லாத கம்பி ஈர மண்ணுல சீக்கிரம் துருப்பிடிச்சுடும். அறுகோணக் கண்ணு வச்ச கோழி வலை வளைக்க ஈஸி, பூனைக்கு அது போதும், நாய் இருக்குற வீடுன்னா தடிக்கம்பி வெல்டு மெஷ் நல்லது. பாத்தி அளவுக்கு வெட்டி, ஓரத்த ஒரு விரல் அகலம் உள்பக்கமா மடிச்சு விடுங்க, இத விட்டா களை எடுக்கும்போது புறங்கைய கீறி ரத்தம் வரும். மண்ணு மேல படுக்கப் போட்டு யூ மாதிரி வளைச்ச கம்பிய மூலைக்கு ஒன்னா குத்தி, மேல மெல்லிசா சருகு தூவினா வலை இருக்குறதே தெரியாது. பூனை வந்து ஒரு பிராண்டு பிராண்டும், நகத்துல கம்பி தட்டும், சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு போயிடும். நாத்து கண்ணு வழியா தானா மேல வந்துடும்.

கஷ்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். தண்டு பருக்குற செடின்னா அந்த இடத்துல வலையோட கண்ண முன்னாடியே வெட்டி பெருசாக்கிடணும், இல்லன்னா கம்பி தண்ட இறுக்கிடும். முள்ளங்கி கேரட் போடுற பாத்தில செடி ஒரு விரக்கடை வந்ததும் வலைய எடுத்துடறது உத்தமம், அப்புறம் இலை மண்ண மூடிட்டா பூனைக்கும் அங்க ஆர்வம் போயிடும். பூனை ஏற்கனவே அசிங்கம் பண்ணின மண்ணுன்னா கிளவுஸ் போடாம கைய வைக்காதீங்க, டாக்ஸோபிளாஸ்மாங்கற கிருமி ஈர மண்ணுல ஒரு வருஷம் கூட உயிரோட இருக்கும், கர்ப்பமா இருக்குறவங்க அந்த வேலைய வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க.

சென்சார் ஸ்ப்ரிங்ளர நான் குறை சொல்ல மாட்டேன். சூடான உடம்பு குறுக்க நகந்தா சென்சார் புடிச்சு சர்ருனு தண்ணி பீச்சும், பூனை ஒரு தாவு தாவி ஓடும், பாக்கவே ஜோரா இருக்கும். புல்தரை, பெரிய தோட்டம்னா வலை விரிச்சு மாளாது, அங்க இதுதான் சரி. ஆனா பைப்ப எப்பவும் தொறந்தே வச்சிருக்கணும், பிரஷர் வேணும், ஹோஸ் ஜாயின்ட் கசியுதான்னு பாக்கணும், பேட்டரி மாத்தணும், காத்துல கிளை ஆடினாலும் சில நேரம் பீச்சும், பார்சல் கொண்டு வர்றவர் நனைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும். பாருங்க, இங்கயும் அதே பராமரிப்புதான் வந்து நிக்குது.

சத்தத்தாலயே விரட்டும்னு விக்கிற அல்ட்ராசோனிக் மெஷின் நான் வாங்கல. 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வர்ற சத்தம் நமக்குக் கேக்காது, பூனைக்குக் கேக்கும், அது உண்மைதான், ஆனா அந்தச் சத்தம் இலை, சுவர்னு எது குறுக்க வந்தாலும் அடிபட்டுப் போகும், தோட்டத்துல இலைக்கா பஞ்சம்? 2001ல அமெரிக்காவோட வர்த்தக ஆணையம் எஃப்டிசி இந்த மாதிரி பூச்சி எலி விரட்டுற மெஷின் விக்கிற 60க்கும் மேற்பட்ட கம்பெனிங்களுக்கு, ஆதாரமில்லாம விளம்பரம் பண்ணாதீங்கன்னு எச்சரிக்கை லெட்டர் அனுப்பிச்சு.

எலிக்கு வர்றேன். மேல விரிக்கிற வலையால அதுக்கு ஒன்னும் ஆகாது, பாத்தி கட்டும்போதே அடில அரை இஞ்ச் கண்ணு வெல்டு மெஷ்ஷ போட்டு அதுக்கு மேல மண்ணக் கொட்டணும், கோழி வலை இதுக்கு ஆகாது, கடிச்சுப் போட்டுடும். ஏற்கனவே செடி நிக்கிற பாத்தின்னா அறுவடை முடியுற வரைக்கும் பொறுத்துட்டு, அப்புறம் மண்ண எடுத்துட்டு அடில வலையப் போடுங்க.