சேஃப்டி படிப்புக்கு உதவித்தொகை: எது யாருக்குத் தோது?

ராணிப்பேட்டை சிப்காட்டோ ஆம்பூர் ஷூ கம்பெனிகளோ, சேஃப்டி ஆபீசர் (தொழிற்சாலையில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்பவர்) தேவை இனி கூடத்தான் செய்யும். 1948 தொழிற்சாலைகள் சட்டம் பொதுவாக 1,000 தொழிலாளர் உள்ள இடத்துக்குத்தான் சேஃப்டி ஆபீசரைக் கட்டாயமாக்கியது. தொழிலிடப் பாதுகாப்புக்கான 2020 சட்டத் தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்தது. அபாயகரமான வேலை நடக்கும் தொழிற்சாலை என்றால் 250 போதும். ஆக, வேலை இருக்கிறது. படிக்கப் பணம் எங்கே என்பதுதான் கேள்வி.

பலர் படிப்பை முடிவு செய்துவிட்டு அப்புறம் உதவித்தொகை தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்தப் படிப்புக்கு அரசுப் பணம் வரும் என்று பார்த்தாலே, எது உருப்படியான படிப்பு என்பதும் பாதி தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒட்டியிருக்கும் ஆறு மாத ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ டிப்ளமோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘50% ஸ்காலர்ஷிப்’ என்று போட்டிருந்தால், அவர்களே ஏற்றிய கட்டணத்தை அவர்களே இறக்குகிறார்கள், அவ்வளவுதான். பிரிட்டனின் சேஃப்டி தேர்வு வாரியம் தரும் நெபோஷ் சான்றிதழ் அப்படியில்லை, வளைகுடாவில் நல்ல மதிப்பு உண்டு. ஆனால் அது பட்டப்படிப்பு இல்லை என்பதால் அரசு உதவித்தொகை எட்டிப் பார்க்காது. மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கம் துபாயில் இருக்கும் அண்ணன்தான் அதற்கு ஸ்காலர்ஷிப்.

பி.இ. முடித்தவர்களுக்கு என் முதல் ஓட்டு, எம்.இ., எம்.டெக். சேர எழுதும் தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வுக்கு. கேட் மதிப்பெண்ணோடு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில்) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் சேஃப்டி எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதம். கூட்டினால் கிட்டத்தட்ட 3 லட்சம். திருச்சி என்.ஐ.டி.யிலும் இதே பிரிவில் எம்.டெக். இருக்கிறது. சாதி, வருமானம், அப்பாவின் வேலை எதையும் பார்க்காமல் தருகிற பணம் இது. பதிலுக்கு வாரம் 8 மணி நேரம் லேப் வேலையோ பாடம் நடத்தும் வேலையோ இருக்கும். பகுதிநேரமாகவோ கம்பெனி ஸ்பான்சரிலோ சேர்ந்தால் கிடையாது. கேட் எழுதாமல் மாநில நுழைவுத்தேர்வு வழியாக அதே வகுப்பில் சேர்ந்து பக்கத்து பெஞ்சில் உட்காருபவருக்கும் கிடையாது.

தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டு அட்வான்ஸ்டு டிப்ளமோ வேறு ரகம். சேஃப்டி ஆபீசர் பதவிக்கு அது செல்லும். ஆனால் ஏற்கெனவே கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கான படிப்பு அது. அங்கே உதவித்தொகை தேடுவதைவிட உங்கள் மேனேஜரிடம் பேசுவது பலன் தரும்.

பி.இ., டிப்ளமோ படிப்பவர்களுக்குப் பெற்றோரின் தொழிலை வைத்து வரும் பணம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். குடியாத்தம், பேர்ணாம்பட்டு வீடுகளில் பீடி சுற்றும் அம்மாவின் அடையாள அட்டை டிரங்குப் பெட்டியில் தூங்கும். அந்த அட்டை இருந்தால் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் திட்டத்தில் பி.இ. படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கேட்கலாம். அப்பா ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ (தோல் பதனிடும் ஆலை) நிரந்தர வேலையில் இருந்தால் டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். தொழிலாளர் நல நிதிக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகைக்கு வழி உண்டு. கான்ட்ராக்ட் வேலை என்றால் அந்த 20 ரூபாயே பல சீட்டுகளில் இருக்காது. ஆபத்தான வேலை அவர்களிடம், சலுகை வேறு ஆளிடம். இந்தப் படிப்பின் முதல் பாடமே இதுதானோ என்று தோன்றும்.

பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொகை பீடித் திட்டத்தைப் போல இரண்டு மடங்கு, போட்டியும் அதிகம். முதலாண்டில் (டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு சேரும் லேட்டரல் என்றால் இரண்டாமாண்டில்) விட்டால் போச்சு. மதிப்பெண் நன்றாக இருந்தால் பிரகதி, சுமார் என்றால் பீடி அட்டை என்பேன். இரண்டையும் சேர்த்து வாங்கும் ஆசை வேண்டாம். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தரும் மாதம் 1,000 ரூபாய் முதல் பட்டத்தோடு சரி, எம்.இ.க்கு வராது.

எதற்கு விண்ணப்பித்தாலும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் இனிஷியல் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றால் அங்கேயே நிற்கும்.

வெளிநாட்டுக்கு மூன்று கதவுகள். பிரிட்டன் அரசின் சீவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் இரண்டு வருஷம் ஊரில் இருக்கச் சொல்லும். பட்டியலினத்தவருக்கு மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் உண்டு. அமெரிக்க சேஃப்டி வல்லுநர் சங்கத்தின் அறக்கட்டளை தருவது அங்கே உறுப்பினராகச் சேர்ந்த மாணவர்களுக்கு.

சீவனிங்கிலும் அமெரிக்க அறக்கட்டளையிலும் கட்டுரைதான் ஆளை எடுக்கும், தள்ளும். ‘சிறு வயது முதலே பாதுகாப்பில் ஆர்வம்’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? நமக்கு எழுத எவ்வளவோ இருக்கிறது. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தக் கழிவு, பிக்கிளிங் (தோலை ஆசிட்டில் ஊறவைப்பது) ஆசிட் தண்ணீரோடு ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. குழியில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். இதில் எதைத் தடுத்திருக்கலாம், எப்படி என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவர் முன்வரிசைக்கு வருவார்.

அதனால் வெளிநாட்டுக் கனவை இரண்டு வருஷம் வேலை பார்த்தபின் வைத்துக்கொள்ளலாம். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மூன்றாமாண்டு மாணவர்களும் எழுதலாம்.