வெள்ளவத்தையில் வாங்கிய கண்ணாடித் தாவரப் பெட்டி

வண்ணமயமான சிறு தவளைகளான அம்புத் தவளைகளுக்கு ஏற்றதென்று சொல்லிக் கொழும்பு வெள்ளவத்தைக் கடையொன்றில் எனக்கு விற்கப்பட்ட இந்தக் கண்ணாடிப் பெட்டியில், அடியில் களிமண் உருண்டைகளும் அவற்றின்மேல் வலையும் தேங்காய்த் தும்புச்சோறும் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்ததால், ஆறு மாதமாகியும் நீர் தேங்கி வேர் அழுகவில்லை. பாசியும் பன்னங்களும் செழித்திருக்கின்றன. பூஞ்சையை உண்ணும் ஸ்பிரிங்டெயில் சிற்றுயிர்களையும் சேர்த்துத் தந்தது மெச்சத்தக்கது.

ஆயினும் மூடியில் காற்றுத்துளை போதாமையால் முன்கண்ணாடி வியர்த்து மங்குகிறது. அதைவிடப் பெரிய குறை, வெப்பத்தைப் பற்றி விற்பனையாளர் வாய் திறக்காதது: மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்த இத்தவளைகளுக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸ் வரை உகந்தது, 30 பாகையைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. கொழும்பின் பகல் வெப்பமோ பெரும்பாலும் அதைத் தொடுவதால், குளிரூட்டப்படாத என் அறையில் தவளை வளர்க்க மனம் ஒப்பவில்லை. செடிகளுக்காக மட்டும் வாங்குவோர் தயங்க வேண்டாம்; வலைமூடியைக் கேட்டு வாங்குங்கள்.