ஏற்காட்டிலிருந்து கடலுக்கு: கிழக்கே போவதா, மேற்கே போவதா?

அக்கா மகன் பைலட். பெங்களூரில் இருந்துகொண்டு ஏ.டி.ஆர். ரக விமானம், அதாவது விசிறி வைத்த சிறிய பயணிகள் விமானம், ஓட்டுகிறான். போன வருடம் லீவில் சேலம் வந்தவன், "மாமா, மலையையும் கடலையும் மேலேயிருந்தே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. ஏற்காட்டுல கிளம்பி ரோட்டுலயே கடல் வரைக்கும் போகணும், வர்றீங்களா?" என்றான். எனக்கு ஐம்பத்தாறு வயது, பழைய ஸ்ப்ளெண்டர் பைக் ஒன்று இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டேன்.

சேலத்துக்காரனுக்கு இரண்டு கடலுமே தூரம்தான். கிழக்கே பரங்கிப்பேட்டை சுமார் 200 கி.மீ., மேற்கே கோழிக்கோட்டை ஒட்டிய பேப்பூர் சுமார் 350. சும்மா சீட்டுக் குலுக்கிப் போட்டு இந்த இரண்டு ஊரையும் எடுக்கவில்லை. சேலத்தில் வேலை பார்த்த ஹீத் என்கிற வெள்ளைக்காரர், நம் ஜில்லாவின் இரும்புத்தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டார். கொஞ்ச காலத்திலேயே அதற்கு ஒரு கிளை பேப்பூரில் எழுந்தது. அந்த இரும்புத்தாது கிடக்கிற கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்தவன் இந்த இரண்டு ஊரையும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? ஆகஸ்டில் மேற்கே போனோம், ஜனவரிக் கடைசியில் கிழக்கே.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதை முதலில் முடித்துவிடுகிறேன். சேலத்தை ஒட்டிய காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து கொச்சிக்கு 2023 அக்டோபரில் விமானம் விட்டார்கள். ஏ.டி.ஆரில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை மறையாது. இன்ஜினும் விசிறியும் முன்பாதிப் பார்வையை மறைக்கும் என்பதால் பின்வரிசை கேட்டு வாங்குங்கள் என்பது மருமகன் சொன்ன யோசனை. கொச்சிக்குப் போகும்போது வலப்பக்கம் நீலகிரி, இடப்பக்கம் ஆனைமலை. அழகுதான், ஆனால் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். தவிர, நம் ஊர் விமான சேவை வரும், போகும். 2018இல் தொடங்கிய சென்னை சேவை சில வருடத்தில் நின்றது ஞாபகம் இருக்கிறதல்லவா? ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். "நீயே ஒரு சின்ன விமானத்தை எடுத்து ஓட்டேன்டா" என்றதற்குச் சிரித்தான். ஏ.டி.ஆர். ஓட்டுகிறவன் என்பதற்காகச் செஸ்னாவைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட மாட்டார்களாம். அந்த ரகத்தை ஓட்டத் தனித் தகுதிச் சான்று (ரேட்டிங்) வேண்டும், அண்மையில் ஓட்டியிருக்கவும் வேண்டும்.

இரண்டு பயணத்துக்கும் தொடக்கம் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறியதும் மருமகன் கணக்குப் போட்டான்: ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், ஊருக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 1,200 மீட்டர் வித்தியாசம், ஆக எட்டு டிகிரி. ஸ்வெட்டர் எடுத்து வராத எனக்கு அந்தக் கணக்கு தேவைப்படவில்லை. லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்றால் கீழே மேக்னசைட் சுரங்கம் வெள்ளையாகத் தெரியும். மேகம் இல்லாத நாளில் மேட்டூர் அணையும் தெரியும். ஆகஸ்டில் போனபோது ஒன்றுமே தெரியவில்லை, மேகத்துக்குள் நின்றோம்.

அப்புறம் மேற்கு. சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி என்று கோவை வரை சாலை பளபளவென்று இருக்கும். வேகமாகப் போகலாம், பார்க்க ஒன்றும் கிடையாது. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டையைக்கூடக் கீழிருந்து கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம். விஷயம் வாளையாறில்தான் ஆரம்பிக்கிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே முப்பது கி.மீ.க்கும் மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகக் குவிந்து இந்தப் பக்கம் பாய்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். நாங்கள் அதற்கு நேர் எதிரே போனோம். நான் முறுக்கிய முறுக்குக்கு ஸ்ப்ளெண்டர் ஐம்பதைத் தாண்டவில்லை. மருமகனுக்கோ ஒரே குஷி. "மாமா, இது சுத்தமான ஹெட்விண்ட். நான் இருபது டன் விமானத்துல படுறதை நீங்க ஸ்ப்ளெண்டர்ல படுறீங்க" என்று கத்தினான். கோவைப் பக்கம் காய்ந்த கரடு. கணவாயைத் தாண்டி அரைமணி நேரத்தில் தென்னையும் நெல்வயலும் மழையும். இப்படி ஒரு திரை விலகுகிற மாதிரியான மாற்றம் கிழக்கு வழியில் எங்கேயும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

கோழிக்கோடு போகும் வழியில் கரிப்பூர். குன்றின் தலையைச் சீவி எடுத்த மாதிரி ஓடுதளம், இரு முனையிலும் பள்ளம். 2020 ஆகஸ்டில் விபத்து நடந்த இடம். மழையிலேயே வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பேப்பூரில் சாலியாறு கடலோடு கலக்கிறது. கடலுக்குள் நீளும் கல் பாதையில் நடந்தால் இரண்டு பக்கமும் அலை. மரத்திலேயே கட்டும் உரு என்கிற பெரிய கப்பலுக்குப் பேர்போன ஊர் அது. சாப்பாட்டில் போட்டியே கிடையாது, பிரியாணிக்கும் கல்லுமக்காய் என்கிற சிப்பி வறுவலுக்கும் முன்னால் கிழக்கு தோற்றது. ஆனால் நனைந்த துணி மூன்று நாளும் காயவில்லை. திரும்பி வரும்போது கிளட்ச் கேபிள் அறுந்து இரண்டு மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். மருமகன்தான் தன் ஹிமாலயன் பைக்கில் போய் கேபிள் வாங்கி வந்தான்.

கிழக்கு வழியை மருமகன் முதலில் மதிக்கவே இல்லை. "மலை எங்க மாமா இருக்கு, எல்லாம் தரை" என்றான். நான் அவனைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். 1,623 மீட்டர், மலையின் உச்சி அதுதான். குகைக்குள் சேர்வராயனோடு இருப்பது காவேரி அம்மன். இந்த மலையில் பெய்கிற மழையில் ஒரு சொட்டுகூட மேற்குக் கடலுக்குப் போவதில்லை. திருமணிமுத்தாறாக இறங்குவது சேலம் ஊருக்குள் ஓடிக் காவேரியில் சேர்கிறது. வாணியாறாக இறங்குவது தென்பெண்ணையில் சேர்கிறது. இரண்டும் வங்கக்கடலுக்குத்தான். அதைச் சொன்னதும் பையன் வரைபடத்தை விரித்தான்.

நாங்கள் போன சாலைக்குத் துணை இன்னொரு ஆறு, வசிஷ்ட நதி. ஆத்தூர்க் கோட்டை அதன் கரையில்தான் இருக்கிறது. ஆத்தூரை நெருங்கும்போது களங்களில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது, புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. மருமகன் வண்டியை ஓரங்கட்டினான். "மேலேயிருந்து பார்க்கறப்போ வெள்ளை வெள்ளையா கட்டம் தெரியும் மாமா. உப்பளம்னு நினைச்சிட்டிருந்தேன். கடலே இல்லாத ஊர்ல எப்படி உப்பளம்னு யோசிக்கவே இல்லை." எனக்கு அந்தப் பயணத்தின் பலன் அங்கேயே கிடைத்துவிட்டது.

தலைவாசல் சந்தையில் டீ. சின்னசேலத்தில் நெடுஞ்சாலையை விட்டு விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி. நெடுஞ்சாலையை விட்டதும் ஊரும் வயலும் மாட்டுவண்டியும்தான். வசிஷ்ட நதி வழியில் வெள்ளாற்றோடு கலந்துவிடுகிறது. அந்த வெள்ளாற்றின் வழியாகத்தான் நம் ஜில்லா தாதுவைப் பரிசலில் ஏற்றிப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோனார்கள். இரும்பாலை எங்கே இருந்தது என்று ஊரில் நான்கு பேரிடம் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையத்துக்கு வழி காட்டினார். மறுநாள் பிச்சாவரம். துடுப்புப் படகு சுரபுன்னை (மாங்குரோவ்) காட்டுக்குள் நுழைந்ததும் தலையைக் குனிய வேண்டியிருந்தது, கிளைகள் அவ்வளவு தாழ்வு. தில்லை மரத்தைக் காட்டி, பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று எச்சரித்தார் படகுக்காரர். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது அந்த மரத்தால்தான்.

சாகசம்தான் வேண்டும் என்றால் மேற்குதான், காற்றும் மழையும் கணவாயும் கிழக்கில் கிடைக்காது. ஆனால் எனக்குக் கிழக்கு. நம் மலையை விட்டு இறங்கி, நம் தண்ணீர் போகிற திசையிலேயே இரண்டு நாளில் நிதானமாகப் போய் வந்துவிடலாம், முதுகும் வலிக்காது. மருமகன் இன்னும் மேற்குதான் என்கிறான், அவனுக்கு வயது இருபத்தொன்பது.

ஆகஸ்டில் லீவு என்றால் மேற்கே போங்கள், ரெயின்கோட்டோடு ஒரு கிளட்ச் கேபிளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் கிழக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழை, புயலும் வரும். மே மாதத்தில் எந்தப் பக்கமும் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பாதி நாள் போய்விடும்.