டிஜிட்டல் தோலில் பச்சை குத்த எந்த வழி நல்லது?

முப்பரிமாண உருவத்தின் கையில் டாட்டூ போட்டால் ஸ்டிக்கர் ஒட்டினது மாதிரியே நிற்கிறது, என்ன செய்யலாம்? கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த வேலையைப் பழகும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. புழக்கத்தில் முக்கியமாக நாலு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடுவதற்கு முன், நிஜத் தோலில் மை எங்கே போய் உட்காருகிறது என்பது தெரிய வேண்டும்.

ஊசி மேல்தோலைத் தாண்டி, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையை விடுகிறது. புண் ஆறியதும் மேல்தோல் பழையபடி மூடிக்கொள்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இருப்பது அந்த மேல்தோலில்தான். ஆகவே மையை நாம் மெலனின் வழியாகத்தான் பார்க்கிறோம். மாநிறத் தோலில் மஞ்சளும் வெள்ளையும் மங்கிப்போவது இதனால்தான். பளபளப்பு, துவாரங்கள், சுருக்கம் எல்லாம் மைக்கு மேலே இருப்பவை. ஆறிய டாட்டூவில் அவை பெரும்பாலும் மாறுவதில்லை. நான் பார்த்த பாடங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்காரத் தோலில்தான் செய்து காட்டுகின்றன. அந்த அளவுகளை அப்படியே நம் நிற உருவங்களுக்கு எடுத்தால் சரிவராது.

முதல் வழி, தட்டையாக விரித்த தோல் படத்தின் மேலேயே வரைவது. போட்டோஷாப் இருந்தால் அது, இல்லாவிட்டால் இலவசமான கிரிட்டாவோ கிம்ப்போ போதும். டாட்டூவைத் தனி லேயராக வைத்து, கீழே உள்ள நிறத்தோடு பெருக்கி இருட்டாக்கும் மல்டிப்ளை கலப்பைக் கொடுத்தால் தோலின் புள்ளிகளும் நரம்புகளும் மைக்குள் தெரியும். கறுப்பு மைக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒன்று, சுத்தக் கறுப்பை எடுக்காதீர்கள். மலையகத்துப் பாட்டிமார் சிலரின் முன்கையில் உள்ள பழைய கோலப் பச்சையை நினைத்துப் பாருங்கள்: கோடு கொஞ்சம் பரவியிருக்கும், நிறம் நீலமும் பச்சையும் கலந்த சாம்பலாக இருக்கும். வயதான பாத்திரத்துக்கு அந்த நிறமும் அந்தப் பரவலும்தான் உயிர்.

இந்த வழியில் சிக்கல் வருவது வடிவத்தில். விரித்த படத்தில் வட்டமாக வரைந்தது முழங்கைக்கு மேல் முட்டையாகிவிடும். டாஸ் ஸ்டூடியோ என்ற முப்பரிமாண மென்பொருளின் ஜெனிசிஸ் 8 ஆயத்த உருவங்களில் உடலும் கைகளும் வெவ்வேறு படங்கள். தோளில் தொடங்கி மார்புக்கு இறங்கும் டாட்டூ என்றால் இரண்டு படத்திலும் கோடு சரியாகச் சந்திக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சேர்ப்பது பெரிய வேலை. விளையாட்டுகளுக்கான சில உருவங்களில் இரண்டு கைக்கும் ஒரே படம்தான். அதில் தமிழ் எழுத்தைப் போட்டால் மற்றக் கையில் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாக மாறி வரும்.

இரண்டாவது, உருவத்தின் மேலேயே நேரடியாகப் பூசுவது. இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஸ்டென்சில் தூரிகையும், சப்ஸ்டன்ஸ் பெயிண்டர் என்ற பூசும் மென்பொருளில் புரொஜெக்ஷனும் இதற்கானவை. வடிவம் உடம்பின் வளைவோடு போகும், படங்கள் சந்திக்கும் தையல் கோடுகளைத் தாண்டவும் முடியும். ஒரே கோணத்தில் இருந்து முழுக் கையையும் பூசப் போனால் பக்கவாட்டில் இழுபட்டுவிடும். உருவத்தைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பூச வேண்டும். வசதியில் சப்ஸ்டன்ஸ் ஒரு படி மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை விற்கும் அடோபியின் சந்தா டாலரில். 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டாலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். மாதாமாதம் டாலர் கட்டும் கருவியை நம்பித் தொழிலை அமைக்கச் சொல்லி ஒரு மாணவருக்கு என்னால் சொல்ல முடியாது. இந்த வேலைக்குப் பிளெண்டர் போதும்.

மூன்றாவது, டாஸ் ஸ்டூடியோவின் ஜியோமெட்ரி ஷெல். உடம்புக்கு மேலே மெல்லிய இரண்டாவது தோலைப் போர்த்தி, டாட்டூ உள்ள இடம் மட்டும் தெரிய விடுவது. நினைத்த நேரம் மாற்றலாம், கழற்றலாம். ஆனால் மை தோலுக்கு மேலே வந்துவிடுகிறது, அங்கேதான் ஸ்டிக்கர் தோற்றம் பிறக்கிறது. தோலின் பளபளப்புப் படத்தையும், நுண்ணிய மேடு பள்ளங்களைக் காட்டும் நார்மல் படத்தையும் ஷெல்லுக்கும் கொடுத்தால் ஓரளவு அடங்கும். இறுக்கமான சட்டை போட்டால் ஷெல் துணியைத் துளைத்து வெளியே தெரியவும் கூடும். அதே மென்பொருளில் உள்ள லேயர் எடிட்டர் இதைவிட மேல். அதில் போடுபவர்கள் பேஸ் கலர் என்ற நிறப் படத்தோடு நிறுத்தாமல், தோலுக்குள் ஒளி ஊடுருவுவதற்கான டிரான்ஸ்லூசன்சி படத்திலும் அதே டாட்டூவைப் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டர் செய்த இறுதிப் படத்தில் வெளிறிப்போகும்.

அன்ரியல் என்ற விளையாட்டு எஞ்சினில், படத்தை உருவத்தின் மேல் வெளியிலிருந்து விழுத்தும் டெக்கல் என்ற வசதியும் உண்டு, ஆனால் அது அசையும் உருவத்தில் வழுக்கும். அதை விட்டுவிடலாம்.

நான்காவதுதான் என் தேர்வு: டாட்டூவைக் கறுப்பு வெள்ளை முகமூடிப் படமாக வைத்து, தோல் ஒளியில் எப்படித் தெரியும் என்று கணக்கிடும் ஷேடருக்குள் கலப்பது. மூலத் தோல் படத்தில் ஒரு கோடுகூட மாறாது. எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014இல் கையில் புத்தர் டாட்டூ இருந்த பிரித்தானியச் சுற்றுலாப் பயணி ஒருவர் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கச் சொன்னது. இப்படியான இடத்தில், வேலை தந்தவர் கடைசி நேரத்தில் டாட்டூவை மாற்றச் சொல்வதில் வியப்பில்லை. தோல் படத்திலேயே பதித்துவிட்டால் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். இதில் முகமூடியை மட்டும் மாற்றினால் சரி.

நினைவகமும் மிச்சம். 4096க்கு 4096 அளவிலான நான்கு சேனல் (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு) வண்ணப் படம், சுருக்காமல் 64 மெகாபைட். ஒரே சேனல் முகமூடி 16 மெகாபைட்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கி வேலை செய்பவருக்கு இது பெரிய வித்தியாசம். அதே அளவில் எழுத்தையும் கவனியுங்கள். 60 சென்டிமீட்டர் கை 3000 பிக்சலில் அடங்கினால் ஒரு மில்லிமீட்டர்க் கோட்டுக்கு 5 பிக்சல்தான் கிடைக்கும். ‘ண’வின் சுழிகள் அடைபடாமல் இருக்க எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது அந்தப் படத்தை மட்டும் 8192க்கு ஏற்றுங்கள்.

முகமூடியை இரண்டாவது வழியில் பிளெண்டரில் பூசி, நான்காவது வழியில் கலப்பதுதான் நான் செய்வது. கறுப்புக்கு மல்டிப்ளை போதும். வண்ண மைக்கு அது போதாது. மாநிறத் தோலில் மஞ்சள் பழுப்பாகும், வெள்ளை காணாமலே போகும். வண்ணத்தை முதலில் சாதாரணக் கலப்பில் பாதியளவுக்கு மேல் கொடுங்கள், அப்புறம் அதே தோல் நிறத்தை மெல்லியதாக அதன் மேல் மல்டிப்ளை செய்யுங்கள். மெலனின் மேலே, மை கீழே என்ற வரிசை அப்போதுதான் வரும். பளபளப்பைத் தீர்மானிக்கும் ரஃப்னஸ், நார்மல் இரண்டிலும் கை வைக்காதீர்கள். கடைசியில் ஒரு பக்க விளக்கை மட்டும் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வெறும் தோலில் இருந்து டாட்டூவுக்குள் போகும்போது பளபளப்பு எங்கேயாவது உடைந்தால், ஷேடரில் ஏதோ ஒரு படம் தவறான இடத்தில் செருகப்பட்டிருக்கிறது.