கண்ணுக்குத் தெரியாத குறிகளோடு ஆறு வருடம்

வேலூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிக் கல்யாணப் பத்திரிகைகள்தான் பாதி வருமானம். உருதும் தமிழும் ஒரே அட்டையில் வரும். சில சமயம் ஒரே வரியில்.

எழுத்துகளால் வம்பில்லை. உருது வலமிருந்தும் தமிழ் இடமிருந்தும் தானாக ஓடும். வம்பெல்லாம் புள்ளி, அடைப்புக்குறி, பிளஸ் குறியால்தான். இவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. அக்கம்பக்கம் பார்த்து நடக்கும்.

ஒரு மாப்பிள்ளையின் உருதுப் பெயரை அடுத்துத் தமிழில் 'எம்.ஏ.' என்று பட்டம். வரி அங்கே முடிந்ததால் கடைசிப் புள்ளி உருதுத் திசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் தாவி '.எம்.ஏ' ஆகிவிட்டது.

"தம்பி, பட்டத்துக்கு முன்னால் ஏன் புள்ளி வைத்தீர்கள்?"

"பின்னால்தான் பாய் வைத்தேன்!"

அவர் நம்பவில்லை. அழித்து அழித்து அடித்தும் புள்ளி அசையவில்லை. பிறகுதான் எல்.ஆர்.எம். குறியைக் கற்றுக்கொண்டேன். 'இடமிருந்து வலம்' என்று சொல்லும், கண்ணுக்குத் தெரியாத குறி அது. புள்ளிக்குப் பின்னால் ஒன்று வைத்தால் போதும். இரு பக்கமும் இடமிருந்து வலம் என்றானதும் புள்ளி அடங்கிவிடும். லிப்ரே ஆபிஸில் செருகு மெனுவிலேயே இது இருக்கிறது.

தொலைபேசி எண் இன்னும் மோசம். உருது வரியில் 0416 அடித்து, இடம் விட்டு மீதியை அடித்தால், 0416 வலப்பக்கம் போய் எண் தலைகீழாகும். அப்படியே 300 அட்டை அச்சாகி, கைக்காசு போனது. இப்போது தொலைபேசி எண்ணுக்கு முன்னால் 2066 என்ற திறப்புக் குறியையும் பின்னால் 2069 என்ற மூடும் குறியையும் போட்டுத் தனியாகப் பிரித்துவிடுகிறேன். வேர்டில் குறியின் எண்ணை அடித்து ஆல்ட், எக்ஸ் அழுத்தினால் குறி விழும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் 6.3 பதிப்போடு 2013-இல் வந்தவை இவை. பழைய மென்பொருள் சிலவற்றில் வெறும் கட்டமாகத் தெரியும். மூட மறந்தால் பத்தி முடியும்வரை தொல்லை.

எனக்கு மிகப் பிடித்தது 2068 என்ற இன்னொரு திறப்புக் குறி. உறைகளில் பெயர் அச்சிடும்போது பட்டியலில் அடுத்து வருவது உருதுப் பெயரா தமிழ்ப் பெயரா என்று எனக்குத் தெரியாது. முதல் எழுத்தைப் பார்த்து அதுவே திசையை முடிவு செய்துகொள்ளும்.

ஒரே குறை: நகலெடுத்தால் குறியும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். வாடிக்கையாளர் ஒருவர் நான் அனுப்பிய எண்ணை எக்செலில் ஒட்டித் தேடினார். கண்ணெதிரே இருந்த எண் சிக்கவில்லை. அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து பாருங்கள். கர்சர் ஓரிடத்தில் அசையாமல் நின்றால், குறி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.